யாருக்கு மலிவு? வெளிநாட்டு நகரங்களின் வாழ்க்கைச் செலவைப் புரிந்துகொள்ள ஓர் அறிமுகம்

2018ஆம் ஆண்டு மார்ச்சில், எகனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட் என்னும் பிரிட்டிஷ் ஆய்வு நிறுவனம் உலகின் 133 நகரங்களின் வாழ்க்கைச் செலவை ஒப்பிட்டு ஒரு பட்டியல் வெளியிட்டது. அதில் மிக மலிவான பத்து நகரங்களுள் ஒன்றாகச் சென்னையும் இடம்பெற்றிருந்தது. வாடகையைக் கொடுத்து முடித்த கையோடு, ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்துக்காக நகையை அடகுக்கடைக்கு எடுத்துச் செல்லும் ஒரு வேளச்சேரிக் குடும்பத்திடம் இச்செய்தியைச் சொல்லியிருந்தால், அவர்கள் சிரித்திருப்பார்கள். சிலர் கோபப்பட்டும் இருப்பார்கள். ஆயினும் அந்தப் பட்டியலில் பிழை எதுவும் இல்லை. அந்தக் குடும்பத்தின் கணக்கிலும் பிழை இல்லை. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்குச் சொல்லப்பட்ட விடைகள்.

அத்தகைய பட்டியல்கள், ஒவ்வொரு நகரத்திலும் ஒரு குறிப்பிட்ட பொருள்கூடையின், அதாவது ஒருவர் வழக்கமாக வாங்கும் பொருள்களும் சேவைகளும் அடங்கிய தொகுப்பின், விலையைச் சேகரித்து, அதை டாலராக மாற்றி, நியூயார்க்கின் விலையை 100 என்று வைத்துக்கொண்டு மற்ற நகரங்களை அதற்கு மேலும் கீழும் அடுக்குகின்றன. ஆகவே அவை விடையளிக்கும் கேள்வி, 'டாலரில் சம்பாதிக்கும் ஒருவர் இந்த நகரத்துக்கு வந்தால் அவர் பணம் எவ்வளவு தூரம் போகும்?' என்பதே. வேளச்சேரிக் குடும்பத்தின் கேள்வியோ, அதே நகரத்தில் ரூபாயில் சம்பாதித்து அங்கேயே செலவழிப்பவரின் கேள்வி. தாய்லாந்தின் சியாங் மாய், வியட்நாமின் டா நாங், மலேசியாவின் பினாங்கு, ஜார்ஜியாவின் திபிலிசி, கொலம்பியாவின் மெதஜின் என்று 'வெளிநாட்டில் குறைந்த செலவில் வாழத்தக்க நகரங்கள்' என்ற தலைப்பில் நமக்குக் கிடைக்கும் பெயர்கள் எல்லாம் முதல் கேள்விக்கான விடைகளே. மலிவு என்பது நகரத்தின் குணம்போலப் பேசப்பட்டாலும், அது உண்மையில் ஒருவரின் வருமானம் பிறக்கும் இடத்துக்கும் செலவு நிகழும் இடத்துக்கும் இடையே உள்ள ஓர் உறவு. இந்த உறவு எப்படி உருவாகிறது, எப்போது கலைகிறது என்று தெரிந்தால், எந்தப் பட்டியலையும் நாமே எடைபோட்டுக்கொள்ளலாம்.

ஒரு முடிதிருத்தும் கடையிலிருந்து தொடங்குவோம். திருச்சியில் ஒரு தலைக்கு ஆகும் நேரமும் சூரிச்சில் ஒரு தலைக்கு ஆகும் நேரமும் ஏறத்தாழ ஒன்றே. கத்தரியும் சீப்பும் ஒன்றே. கைப்பழக்கத்தில் திருச்சிக்காரர் ஒரு படி மேலாகவும் இருக்கக்கூடும். இருந்தும் கூலி பல மடங்கு வேறுபடுகிறது. சூரிச்சில் மருந்து நிறுவனங்களும் வங்கிகளும் துல்லியக் கருவித் தொழிற்சாலைகளும் ஓர் ஊழியரின் ஒரு மணி நேரத்திலிருந்து மிக அதிக மதிப்பை ஈட்டுகின்றன. அதனால் அவை உயர்ந்த ஊதியம் கொடுக்கின்றன. முடிதிருத்தும் தொழிலில் ஆள் நிலைக்க வேண்டுமானால் அங்கும் கூலி அதற்கு ஏற்ப உயர்ந்தாக வேண்டும். இல்லையேல் அவர் கடையைப் பூட்டிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார். திருச்சியில் அந்த மேல்நோக்கிய இழுப்பு குறைவு. திருச்சியில் முடி வெட்டிக்கொள்வது மலிவாக இருப்பதால் சூரிச்சுக்காரர்கள் விமானம் ஏறி வரப்போவதும் இல்லை. ஆகவே இந்த விலை வேறுபாடு வணிகத்தால் சமனாகாமல் அப்படியே நின்றுவிடுகிறது. பேலா பலாஸ்ஸா, பால் சாமுவேல்சன் ஆகிய இரு பொருளியலாளர்கள் 1964இல் தனித்தனியே எழுதிய கட்டுரைகளில் இதைத்தான் விளக்கினார்கள். இன்று இருவர் பெயராலும் இது வழங்கப்படுகிறது.

கைபேசி, மடிக்கணினி, கோதுமை, விமானப் பயணச்சீட்டு போன்றவை வேறு வகை. கப்பலிலோ விமானத்திலோ ஏறி நாடு கடக்கும் பொருளின் விலை, வரியையும் போக்குவரத்தையும் கழித்துவிட்டுப் பார்த்தால், எங்கும் பெரிதாக மாறுவதில்லை. நாடு கடக்க முடியாத வீட்டு வாடகை, வீட்டு வேலை, பேருந்துக் கட்டணம், தெருவோரச் சாப்பாடு, பல் மருத்துவர் கட்டணம் ஆகியவைதாம் ஊருக்கு ஊர் மாறுகின்றன. இவ்வேறுபாட்டை எண்ணாக மாற்றுவதற்குப் பொருளியலில் உள்ள கருவியின் பெயர் வாங்கும் திறன் சமநிலை. உலக வங்கி ஒருங்கிணைக்கும் பன்னாட்டு ஒப்பீட்டுத் திட்டத்தின் 2017ஆம் ஆண்டுக் கணக்கின்படி, அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைக்கும் பொருள்களையும் சேவைகளையும் இந்தியாவில் பெறச் சராசரியாக 20 ரூபாய் 65 காசு போதுமானதாக இருந்தது. ஆனால் அதே ஆண்டில் ஒரு டாலரை மாற்றினால் கையில் கிடைத்தது சராசரியாக 65 ரூபாய் 12 காசு. டாலருடன் இந்தியாவுக்கு வந்தவரின் பணம் விமான நிலைய வாசலைத் தாண்டியவுடன் ஏறத்தாழ மும்மடங்கு வேலை செய்தது என்பது இதன் பொருள். ரூபாயுடன் அமெரிக்காவுக்குப் போனவருக்கு இதே கணக்கு தலைகீழாக நடந்தது.

இந்தத் தலைகீழ்ப் பாதியைத்தான் நம்மவர்கள் பலர் கவனிப்பதில்லை. மலிவான நகரங்களைப் பரிந்துரைக்கும் பெரும்பாலான எழுத்துகள் டாலரிலோ யூரோவிலோ பவுண்டிலோ சம்பளம் வாங்குவோரை எண்ணி எழுதப்பட்டவை. ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதம் 4,000 டாலர் ஊதியம் பெற்று அதில் பாதியைத் தம் ஊரில் வாடகைக்கே கொடுக்கும் ஓர் அமெரிக்கர், 400 டாலர் வாடகையில் சியாங் மாயில் ஒரு வீடு பிடித்தால், அவர் வாழ்க்கையே மாறிவிடும். கோயம்புத்தூரில் 20,000 ரூபாய் வாடகையில் இருப்பவர், மாதம் ஒரு லட்சம் ரூபாய் ஊதியத்துடன் அதே வீட்டுக்குப் போனால், அவர் வாடகை கூடுகிறதே ஒழியக் குறையவில்லை. தாய்லாந்து, மலேசியா ஆகிய இரு நாடுகளின் பொதுவான விலைமட்டமும் இந்தியாவைவிட மேலானது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் அமர்ந்துகொண்டு வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து டாலரில் ஊதியம் பெறுபவர், பட்டியல் சொல்லும் மலிவை வீட்டைவிட்டு நகராமலே ஏற்கெனவே அனுபவித்துக்கொண்டிருக்கிறார். அவர் சியாங் மாய்க்குப் போக வேறு நல்ல காரணங்கள் இருக்கலாம். சிக்கனம் அவற்றுள் ஒன்றாக இருக்க முடியாது.

மலிவு எல்லாப் பொருளிலும் ஒரே அளவில் படிவதில்லை என்பதால், ஒருவர் எதை உண்கிறார், எப்படி வாழ்கிறார் என்பதும் கணக்கில் வந்துவிடுகிறது. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில், தமிழ் முஸ்லிம்கள் உருவாக்கிய நாசி கண்டார் என்னும் சோறும் குழம்பும் சேர்ந்த உணவை, அவர்கள் நடத்தும் மாமாக் கடையில் சாப்பிட்டு, பேருந்தில் போய்வந்து, உள்ளூர்ச் சந்தையில் காய்கறி வாங்குபவருக்கு அந்நகரம் உண்மையிலேயே சிக்கனமானது. தண்ணீர்மலைக் கோயிலும் குட்டி இந்தியாவின் கடைத்தெருவும் அருகிலேயே இருப்பதால், தமிழருக்கு ஊர்நினைவு பெரிதாக வாட்டாது என்பது கூடுதல் ஆறுதல். அதற்கு விலையும் இல்லை. அதே நகரத்தில், இறக்குமதி செய்த பாலாடைக்கட்டியும் சொந்த நாட்டு காலை உணவும் கடலைப் பார்த்த அடுக்குமாடி வீடும் வேண்டும் என்பவருக்குச் செலவு வேகமாக ஏறும். பள்ளி வயதுக் குழந்தைகள் இருந்தால் கணக்கே வேறு. உள்ளூர் அரசுப் பள்ளி உள்ளூர் மொழியில் நடப்பதால், பெரும்பாலான வெளிநாட்டுக் குடும்பங்கள் பன்னாட்டுப் பள்ளியை நாடுகின்றன. அதன் கட்டணம் உள்ளூர் வருமானத்தைப் பார்த்து நிர்ணயிக்கப்படுவதில்லை. மலிவு நகரங்களைப் புகழ்ந்து எழுதுவோரில் பெரும்பாலோர் தனியாளாகவோ ஓய்வுபெற்ற இணையராகவோ இருப்பது தற்செயல் அன்று.

பொருள்கூடையில் என்ன இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு அங்கோலாவின் தலைநகர் லுவாண்டா சிறந்த சான்று. மெர்சர் என்னும் ஆலோசனை நிறுவனம், வெளிநாட்டுக்கு அனுப்பப்படும் ஊழியர்களுக்கு எவ்வளவு படி கொடுக்க வேண்டும் என்று பெருநிறுவனங்கள் முடிவுசெய்ய உதவும் வகையில் ஆண்டுதோறும் ஒரு பட்டியல் தயாரிக்கிறது. அதில் 2013, 2014, 2015 ஆகிய ஆண்டுகளிலும் மீண்டும் 2017இலும் உலகிலேயே செலவு மிக்க நகரமாக லுவாண்டா இருந்தது. அந்நகர மக்களில் மிகப் பெரும்பாலோர் ஏழைகள். ஆனால் 2002 வரை நீடித்த உள்நாட்டுப் போரில் நாட்டின் உற்பத்தி சிதைந்திருந்ததால், வெளிநாட்டவர் கேட்கும் பொருள் ஏறத்தாழ அனைத்தும் கப்பலில் வந்தது. எண்ணெய் நிறுவனங்களின் ஊழியர்கள் கேட்ட பாதுகாப்பான வீடுகளோ மிகச் சில. மெர்சர் அளந்தது அந்தச் சிறு கூட்டத்தின் கூடையை. பின்னர் எண்ணெய் வருவாய் சுருங்கி, அங்கோலாவின் நாணயமான குவான்சா மதிப்பிழந்தபோது, லுவாண்டா பட்டியலில் மளமளவென்று கீழே இறங்கியது. அங்கே சோளக்களி தின்று வாழ்ந்தவருக்கு நகரம் மலிவாகிவிட்டதாகத் தோன்றியிருக்காது.

இணையத்தில் எவரும் எளிதில் பார்க்கக்கூடிய நம்பியோ போன்ற தளங்களில் விலைகளைப் பயனர்களே பதிவிடுகிறார்கள். அதனால் மடிக்கணினியுடன் காப்பிக்கடையில் அமர்ந்திருப்போரின் விலைகள் அங்கே மிகையாகவும், சந்தையில் பேரம் பேசுவோரின் விலைகள் குறைவாகவும் சேர வாய்ப்புண்டு. அத்தளத்தின் முதன்மையான வாழ்க்கைச் செலவுக் குறியீட்டில் வாடகை சேர்க்கப்படுவதில்லை, அதற்குத் தனிக் குறியீடு உள்ளது என்பதைக் கவனிக்காமல் ஊர் முடிவுசெய்கிறவர்களும் உண்டு. வேறு எந்தச் செலவையும்விட வாடகைதான் ஊருக்கு ஊர் மாறுகிறது என்பதால், இது சிறிய கவனக்குறைவு ஆகாது.

அடுத்தது நாணயம். ஒரு நகரம் மலிவாக இருப்பதற்கு இருவகைக் காரணங்கள் இருக்கலாம். ஊதியமும் வாடகையும் நெடுங்காலமாகவே தாழ்வாக இருப்பது முதல் வகை. அந்த மலிவு மெதுவாகவே மாறும். நாட்டின் நாணயம் அண்மையில் சரிந்திருப்பது இரண்டாவது வகை. அந்த மலிவு ஒரு நெருக்கடியின் நிழல், அது நிலைக்காது. அர்ஜென்டினாவின் புவனஸ் ஐரிஸ் இந்த இரண்டாம் வகையின் முழுக்கதையையும் இரண்டே ஆண்டுகளில் நடத்திக் காட்டியது. 2023இல் அங்கே டாலருக்கு அரசு ஒரு விலை சொன்னது; தெருவில் அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு கிடைத்தது. கையில் டாலருடன் வந்தவர்களுக்கு, அரசு விலையில் கணக்கிட்ட செலவு பாதியாகிவிட்டது. உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். அவ்வாண்டு முடிவில் உள்ளூர் மக்கள் எதிர்கொண்டிருந்த ஆண்டுப் பணவீக்கம் 211.4 விழுக்காடு. டிசம்பரில் பொறுப்பேற்ற ஹாவியர் மிலே அரசு, டாலரின் அரசு விலையை ஏறத்தாழ 366 பெசோவிலிருந்து 800 பெசோவாக ஒரே நாளில் உயர்த்தியது. அதன் பின் மாதம் சுமார் 2 விழுக்காடு மட்டுமே ஏறவிட்டது. 2024இல் உள்நாட்டு விலைகளோ 117.8 விழுக்காடு ஏறின. டாலரின் விலை ஓராண்டில் கால் பங்கு அளவே கூட, கடைவிலைகள் இரு மடங்குக்கு மேல் ஆனதால், டாலர்க்காரர்களின் கண்ணெதிரிலேயே நகரம் விலையுயர்ந்ததாகிவிட்டது. முந்தைய ஆண்டு எழுதப்பட்ட பரிந்துரைகளைப் படித்துவிட்டு வந்தவர்கள் உணவகத்தில் கணக்குச்சீட்டைப் பார்த்துத் திகைத்தார்கள்.

இதற்கு நெருக்கமான காட்சியைத் தமிழர்கள் தங்கள் சொந்த மண்ணிலேயே பார்த்திருக்கிறார்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் டாலருக்குச் சுமார் 200 ஆக இருந்த இலங்கை ரூபாய், மே மாதத்துக்குள் 360ஐ எட்டியது. டொராண்டோவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்ட அதே கனடிய டாலருக்கு இப்போது மிக அதிக ரூபாய் கிடைத்தது; காகிதக் கணக்கில் இலங்கை மலிவாகிவிட்டது. ஆனால் பெற்றோல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நீண்டது, எரிவாயு கிடைக்கவில்லை, செப்டம்பரில் பணவீக்கம் 70 விழுக்காட்டைத் தொட்டது. கிடைக்காத பொருளின் மலிவு யாருக்கும் பயன்படாது. நாணயச் சரிவால் மலிவான ஒரு நகரத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், அங்கே மருந்தும் மின்சாரமும் எரிபொருளும் தடையின்றிக் கிடைக்கின்றனவா என்ற கேள்வியை விலைக்கு முன்னால் கேட்க வேண்டும் என்று நான் கருதுவது இதனால்தான்.

இதுவரை சொன்னவை பொருளியல். தொடக்கநிலையில் உள்ளவர்கள் அதைவிட அதிகமாகத் தடுமாறுவது சட்டத்தில். ஒரு நகரம் எவ்வளவு மலிவாக இருந்தாலும், அங்கே தங்கும் உரிமை இல்லாதவருக்கு அந்த மலிவால் பயனில்லை. அந்த உரிமையும் கடவுச்சீட்டைப் பொறுத்து மாறுகிறது. திபிலிசியின் புகழுக்கு முதற்காரணம், தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகளின் குடிமக்கள் விசா இல்லாமலே ஜார்ஜியாவில் ஓராண்டு முழுவதும் தங்கலாம் என்பது. அந்த நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள் திபிலிசியில் மருத்துவம் படிக்கிறார்கள் என்பது உண்மை; ஆனால் அவர்கள் மாணவர் என்ற தகுதியில் இருக்கிறார்கள். ஐரோப்பியர் ஒருவர் 'பையைத் தூக்கிக்கொண்டு போய் இறங்கிவிட்டேன்' என்று எழுதுவதைப் படித்துவிட்டு, அவ்வாறே நாமும் போய் இறங்க முடியாது. வியட்நாம் 2023 ஆகஸ்ட் முதல் எல்லா நாட்டவருக்கும் 90 நாள் மின்விசா வழங்குகிறது. டா நாங்கில் மூன்று மாதம் தங்கிப் பார்க்க அது போதும், குடும்பத்தோடு வேரூன்ற அது போதாது.

நீண்டகாலம் தங்க அனுமதிக்கும் திட்டங்களும் நிலையானவை அல்ல. ஓய்வுபெற்ற வெளிநாட்டவரிடையே பினாங்கைப் புகழடையச் செய்தது, 2002 முதல் 'மலேசியா என் இரண்டாம் இல்லம்' என்ற பெயரில் நடந்துவரும் திட்டம். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர் 1,50,000 ரிங்கிட் வைப்புத்தொகையும் மாதம் 10,000 ரிங்கிட் வருமானமும் காட்ட வேண்டும் என்று இருந்த விதி, 2021இல் 10 லட்சம் ரிங்கிட் வைப்புத்தொகை, மாதம் 40,000 ரிங்கிட் வருமானம் என்று ஒரேயடியாக உயர்ந்தது. 2024இல் அது வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என மூன்று அடுக்குகளாக மாற்றப்பட்டது; வெள்ளி அடுக்குக்கே 1,50,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகையுடன் ஒரு வீடும் வாங்க வேண்டும் என்றானது. இத்தனைக்கும் இடையில் ஜார்ஜ் டவுனின் தெருக்களில் சாப்பாட்டு விலை இந்த அளவுக்கு மாறிவிடவில்லை. நகரம் மலிவாகவே இருந்தது; நுழைவாயிலின் விலைதான் கூடிவிட்டது.

தாய்லாந்தில், ஐம்பது வயதைக் கடந்தவருக்கான ஓய்வூதியர் விசாவுக்கு வங்கியில் 8 லட்சம் பாட் அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். தொலைவிலிருந்து பணிபுரிவோருக்காக 2024இல் அந்நாடு ஐந்தாண்டு விசா ஒன்றை அறிமுகப்படுத்தியது. 5 லட்சம் பாட் இருப்பு காட்டினால் ஒவ்வொரு நுழைவிலும் 180 நாள் தங்கலாம். அதே 2024இல்தான், ஆண்டில் 180 நாளோ அதற்கு மேலோ தாய்லாந்தில் இருப்பவர் வெளிநாட்டில் ஈட்டி உள்ளே கொண்டுவரும் வருமானத்துக்கு வரி விதிக்கும் நடைமுறையும் இறுக்கப்பட்டது. இங்கே விசாவின் நாள்கணக்கும் வரியின் நாள்கணக்கும் ஒன்றையொன்று உரசுவதைக் காணலாம். இந்தியாவில் ஒரு நிதியாண்டில் 182 நாள் தங்கினால் நீங்கள் வரிக்கணக்கில் இந்தியாவில் வசிப்பவர். அங்கே 180 நாள் தங்கினால் அங்கே வசிப்பவர். இரு நாடுகளின் வரியாண்டுகளும் வேறு வேறு மாதங்களில் தொடங்குவதால், ஒருவர் ஒரே காலகட்டத்தில் இரு நாடுகளுக்கும் வரிக்கணக்குக் காட்ட வேண்டிய நிலையும் வரலாம். இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தங்கள் இதற்காகவே உள்ளன; ஆனால் அவற்றின் பயனைப் பெறத் தாள்களும் சில வேளைகளில் ஒரு பட்டயக் கணக்காளரின் கட்டணமும் தேவைப்படும். சுற்றுலா விசாவில் இருந்துகொண்டு மடிக்கணினியில் வேலை பார்ப்பதைப் பல நாடுகள் கண்டும் காணாமல் விடுகின்றன என்பதால், அது அனுமதிக்கப்பட்டது என்று பொருளாகாது. உங்கள் நிறுவனமும் வேறொரு நாட்டிலிருந்து வேலை செய்ய எழுத்தில் ஒப்புதல் தந்திருக்க வேண்டும்.

மலிவை நாடி வருவோரே அதைக் கரைத்துவிடுவதும் உண்டு. இதை நிதானமாகப் பார்க்க லிஸ்பன் ஏற்ற இடம். 2011இல் கடன் நெருக்கடியில் வீழ்ந்த போர்ச்சுகல், வெளிநாட்டுப் பணத்தை ஈர்க்க வழி தேடியது. 2012இல் பழைய வாடகைக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. அதே ஆண்டில், 5 லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கும் வெளிநாட்டவருக்கு வசிப்புரிமை தரும் 'தங்க விசா' தொடங்கியது. புதிதாகக் குடியேறுவோருக்கான வரிச்சலுகை 2009 முதலே இருந்தது. மேற்கு ஐரோப்பாவின் மலிவான தலைநகரம் என்று அப்போது லிஸ்பன் பேசப்பட்டது, அது உண்மையும்கூட. பத்தாண்டுகளில் பழைய குடியிருப்புகள் சுற்றுலா விடுதிகளாக மாறின, வாடகை உள்ளூர் ஊதியத்தைத் தாண்டி ஓடியது, 2023இல் வீடு கேட்டு மக்கள் தெருவில் இறங்கினார்கள். அவ்வாண்டு அக்டோபரில், வீடு வாங்கித் தங்க விசா பெறும் வழி மூடப்பட்டது. தொலைவிலிருந்து பணிபுரிவோருக்காக 2022இல் போர்ச்சுகல் தொடங்கிய விசா இன்றும் உள்ளது. அதற்குத் தேவையான வருமானம் அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தைப்போல் நான்கு மடங்கு. 2025இல் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 870 யூரோவாக இருந்ததால், அவ்வாண்டில் விண்ணப்பித்தவர் 3,480 யூரோ காட்ட வேண்டியிருந்தது. ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கும் இரு குடித்தனங்களுள் ஒன்று மற்றொன்றைப்போல் நான்கு மடங்கு ஈட்டியாக வேண்டும் என்று விதியே சொல்லும்போது, வீட்டு உரிமையாளர் எந்தக் கதவைத் தட்டுவார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

திபிலிசியில் இது இன்னும் விரைவாக நடந்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியபின் ரஷ்யர்கள் பெருந்திரளாக அங்கே வந்து சேர, ஓராண்டுக்குள் வாடகை இரு மடங்கை நெருங்கியது. உள்ளே வந்த பணத்தால் ஜார்ஜியாவின் நாணயமான லாரியும் வலுப்பெற்றது. மெக்சிகோ நகரத்தில் வெளிநாட்டவர் விரும்பிக் குடியேறிய ரோமா, கொந்தேசா பகுதிகளில் 2025 ஜூலையில் உள்ளூர் மக்கள் ஊர்வலம் போனார்கள். வருபவர்கள்மீது மட்டும் பழி போடுவது நியாயம் அன்று. வீடு கட்டாத அரசுகளுக்கும் பங்குண்டு. ஆனால் மூன்றாண்டுக்கு முந்தைய வாடகை விவரத்தை நம்பி ஊர் மாறுவது, வற்றிப்போன குளத்துக்குத் தூண்டில் எடுத்துக்கொண்டு போவதற்குச் சமம்.

கொலம்பியாவின் மெதஜினில் இந்த உள்ளூர்–வெளியூர் வேறுபாடு மின்கட்டண ரசீதிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அந்நாட்டில் குடியிருப்புப் பகுதிகள் 1 முதல் 6 வரை அடுக்குகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. கீழடுக்குகளில் வாழ்வோர் மின்சாரம், தண்ணீர், எரிவாயு ஆகியவற்றுக்கு மானியக் கட்டணம் செலுத்த, 5, 6ஆம் அடுக்குகளில் இருப்போர் அந்த மானியத்துக்காகக் கூடுதல் கட்டணம் செலுத்துகிறார்கள். வெளிநாட்டவர் அதிகம் விரும்பும் எல் போப்லாதோவின் பெரும்பகுதி 6ஆம் அடுக்கு. ஆகவே நகரத்தின் சராசரிக் கட்டணத்தைப் பார்த்துக் கணக்கிட்டவருக்கு, முதல் மாத ரசீது வேறு எண்ணைச் சொல்லும். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும். யாருக்கு மலிவு என்ற கேள்வியை மறைக்காமல் கேட்கிற ஊர்கள் குறைவு.

இனி ஒருவர் தம் கணக்கை எப்படிப் போடுவது? நகரத்தின் பெயரிலிருந்து தொடங்காமல், உங்கள் வருமானம் எந்த நாணயத்தில் வருகிறது, அது எத்தனை ஆண்டுக்கு உறுதி என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பின்னர் உங்கள் கடவுச்சீட்டுக்கும் வயதுக்கும் வருமானத்துக்கும் தங்கும் உரிமை தரும் நாடுகளை மட்டும் எடுத்துக்கொண்டால், நீண்ட பட்டியல் தானாகவே சிறிதாகிவிடும். வாடகையை, வெளிநாட்டவருக்கான ஆங்கிலத் தளங்களில் பார்க்காமல், உள்ளூர் மக்கள் வீடு தேடும் தளங்களில், மொழிபெயர்ப்புச் செயலியின் துணையுடனாவது பார்ப்பது நல்லது. இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியே அந்நகரத்தைப் பற்றிப் பல செய்திகளைச் சொல்லிவிடும். முன்பணம், தரகுக்கூலி, விசாக் கட்டணம், ஆண்டுக்கு ஒருமுறையாவது ஊருக்கு வந்துபோகும் விமானச் செலவு, வயது கூடக்கூட ஏறும் மருத்துவக் காப்பீடு ஆகியவற்றை ஓராண்டுக்குக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து மாதச் செலவோடு சேர்க்க வேண்டும். இவற்றைச் சேர்த்தபின்னும் மிச்சம் இருந்தால்தான் அது மலிவு. சொந்த வீடு வாங்கிவிடலாம் என்று எண்ணுபவர் உரிமைச் சட்டத்தைப் படித்த பிறகே கனவு காண வேண்டும்: தாய்லாந்தில் வெளிநாட்டவர் பொதுவாக நிலம் வாங்க முடியாது, அடுக்குமாடிக் குடியிருப்பிலும் ஒரு கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 விழுக்காடு வரைதான் வெளிநாட்டவர் கையில் இருக்கலாம்.

இந்தியாவில் உள்ள சேமிப்பிலிருந்து செலவழிக்க நினைப்பவர், ரிசர்வ் வங்கியின் விதிப்படி ஒரு நிதியாண்டில் ஒருவர் 2,50,000 டாலர் வரையே வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்பதையும், பொதுவான தேவைகளுக்கு ஓராண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டி அனுப்பும் தொகைமீது 20 விழுக்காடு முன்கூட்டியே வரியாகப் பிடிக்கப்படும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். பிடிக்கப்பட்ட பணத்தை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம் என்றாலும், அதுவரை அது கையில் இருக்காது. புதிய ஊரில் முன்பணமும் வாடகையும் ஒருசேரக் கொடுக்க வேண்டிய முதல் சில மாதங்களில் அது நெருக்கடியைத் தரும்.

இவை எல்லாம் ஒத்துவந்தால், ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் ஒரு மாதம் அங்கே போய் இருந்து பார்ப்பது நல்லது. அந்த மாதமும் ஊரின் மோசமான மாதமாக இருக்க வேண்டும். சியாங் மாய்க்கு எல்லோரும் டிசம்பரில் போகிறார்கள். மலைக்காற்று குளிர்ந்து, வானம் தெளிந்து, ஊர் தன் அழகில் இருக்கும் காலம் அது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சுற்றுவட்டார வயல்களிலும் காடுகளிலும் எரியும் தீயின் புகை அந்தப் பள்ளத்தாக்கில் தேங்கிவிடும்; உலகிலேயே காற்று மிக மாசுபட்ட நகரம் என்ற இடத்தைச் சில நாள்களில் சியாங் மாய் பிடித்துக்கொள்ளும். அங்கே நெடுங்காலம் வாழும் வெளிநாட்டவர் பலர் அம்மாதங்களில் தெற்கே கடலோரத்துக்குப் போய்விடுகிறார்கள். அங்கே வேறு வீடு எடுத்து, இங்குள்ள வீட்டுக்கும் வாடகை கட்டுகிறார்கள். மார்ச்சில் போய்ப் பார்த்தவருக்கு, சியாங் மாயின் ஆண்டு வாடகையில் அந்த இரண்டாவது வீட்டையும் காற்றுச் சுத்திகரிப்பானையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த ஒரு பயணத்திலேயே தெரிந்துவிடும்.